சிரகூசாவில் இரண்டு இரவு: ஒர்தீஜா தீவை நிதானமாகப் பார்க்கும் வழி

கேள்வி இதுதான்: "அக்டோபரில் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறோம். கத்தானியாவில் நான்கு இரவு தங்கல். எழுபதை நெருங்கும் அப்பா அம்மாவும் வருகிறார்கள், அம்மா சுத்த சைவம். சிரகூசாவைக் காலையில் போய் மாலையில் திரும்பிப் பார்த்துவிடலாமா? கார் எடுக்கலாமா? எதை விட்டாலும் பரவாயில்லை, எதை விடக்கூடாது?"

ஒரே நாளில் போய் வந்துவிடலாம். ஆனால் அந்த ஊர் அழகாக இருக்கும் நேரத்தில் நீங்கள் பேருந்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நான்கு இரவில் இரண்டை சிரகூசாவுக்கு மாற்றிவிடுங்கள். தங்குவதும் அந்த ஊரின் பழைய பகுதியான ஒர்தீஜா தீவுக்குள்ளேயே இருக்கட்டும்.

காரணம் எளிது. சிரகூசாவில் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்களில் இருக்கின்றன. பெருநிலப் பக்கத்தில் நெயாபொலிஸ் தொல்லியல் பூங்கா: கிரேக்க நாடக அரங்கு, கல் குவாரிகள், ரோமானிய வட்டரங்கு. பாலத்தைத் தாண்டினால் ஒர்தீஜா: கதீட்ரல், ஊற்று, கோட்டை, பழைய சந்துகள். பூங்கா திறந்த வெளி, வெள்ளைச் சுண்ணாம்புக் கல். அதைக் காலையில்தான் பார்க்க முடியும். ஒர்தீஜாவுக்கு மாலைதான் அழகு. நடுவில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பல தேவாலயங்களும் கடைகளும் மூடிக் கிடக்கும். கத்தானியாவிலிருந்து கிளம்பி வருகிறவர் பத்தரைக்கு இறங்கி, பதினோரு மணி வெயிலில் பூங்காவுக்குள் நுழைந்து, இரண்டு மணிக்கு ஒர்தீஜாவில் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு, கல்லெல்லாம் பொன்னிறமாகத் தொடங்கும் வேளையில் திரும்பும் பேருந்துக்கு நடப்பார். தங்குகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

போய்ச் சேரும் வழி. கத்தானியாவின் ஃபொன்தனரோஸ்ஸா விமான நிலையத்திலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். விமான நிலைய வாசலிலிருந்தே நேரடிப் பேருந்து உண்டு, ஒன்றேகால் மணி நேரம். கத்தானியா ஊருக்குள்ளிருந்து கிளம்பினால் மத்திய ரயில் நிலையத்தில் ஏறலாம். ரயிலுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். இடையில் அகுஸ்தாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வரிசையாகத் தெரியும். "இந்த ஊருக்கா வந்தோம்" என்று அப்பா கேட்டால் கவலைப்படாதீர்கள், அது தாண்டிப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் ரயில், பேருந்து இரண்டுமே குறைவு. கிளம்பும் நாள் ஞாயிறாக இருந்தால் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காகித ரயில் டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் பரிசோதகர் அபராதம் போடுவார். வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

ரோமிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரவு ரயில் வில்லா சான் ஜொவான்னியில் பெட்டி பெட்டியாகப் பிரிந்து கப்பலுக்குள் ஏறும். மெசினா நீரிணையைக் கடந்து சிசிலிக் கரையில் மீண்டும் கோத்துக்கொண்டு சிரகூசா வரை ஓடும். மொத்தம் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். கப்பலில் இருக்கும்போது ரயிலை விட்டிறங்கி மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். பயணிகள் ரயிலைக் கப்பலில் ஏற்றுவது ஐரோப்பாவில் அருகிவிட்டது. நேரம் இருப்பவர்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டிய பயணம்.

சிரகூசா நிலையத்திலிருந்து ஒர்தீஜா பாலம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். பெரியவர்களும் பெட்டிகளும் இருப்பதால் டாக்ஸி எடுங்கள். எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு செய்தது தெரியவே மாதக்கணக்காகும். ஒர்தீஜாவின் பெரும்பகுதி வாகனக் கட்டுப்பாட்டு மண்டலம். நுழைவாயிலில் கேமராவும் மின்பலகையும் இருக்கும். பலகையில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் "வாயில் இயங்குகிறது" என்று பொருள். பலர் அதைத் "திறந்திருக்கிறது, போகலாம்" என்று நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். உண்மையில் கட்டுப்பாடு இயங்குகிறது, அனுமதியில்லாத வண்டி நுழையக்கூடாது என்றே அது சொல்கிறது. கேமரா எண்ணைப் படித்துவிடும். நீங்கள் ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து அபராதச் சீட்டு வரும். உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் தனியாக ஒரு கட்டணத்தையும் கார்டில் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை நுழைந்தீர்களோ அத்தனை அபராதம். கார் எடுத்தே தீர வேண்டுமென்றால் பாலத்துக்கு இப்பால் மோலோ சான் அந்தோனியோ நிறுத்துமிடத்தில் விடுங்கள், அல்லது தீவின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள தலேத்தே மாடி நிறுத்துமிடத்தில் விடுங்கள். விடுதிக்காரர் வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவதாகச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

தங்குமிடம் தேடும்போது படத்தை விடப் படிக்கட்டைப் பாருங்கள். ஒர்தீஜா வீடுகள் பழையவை, மூன்றாம் மாடி அறைக்கு லிஃப்ட் இல்லாத கட்டடங்களே அதிகம். "அஷென்சோரே" இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். தரைத்தளம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் கடலோரக் கல்வீடுகளில் ஈரவாடை இருக்கும். சன்னல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சான் ரோக்கோ சிறு சதுக்கத்தைச் சுற்றிய இடங்களில் மதுக்கடைச் சத்தம் நள்ளிரவு தாண்டியும் கேட்கும். கிழக்கே ஜூதேக்கா பகுதி அமைதியானது. நகராட்சியின் சுற்றுலா வரி ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பலர் ரொக்கமாகவே கேட்பார்கள்.

இனி எதை விடக்கூடாது என்பது. ஒரே ஓர் இடத்தைத்தான் சொல்லலாம் என்றால் அது கதீட்ரல்.

சிரகூசாவை கி.மு. 734 வாக்கில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர்கள் நிறுவினார்கள். கி.மு. 480-இல் ஹிமெரா போரில் கார்த்தேஜை வென்ற சிரகூசா ஆட்சியாளன் கெலோன், ஒர்தீஜாவின் உச்சியில் அத்தீனா தேவிக்குக் கோயில் எழுப்பினான். பக்கத்துக்குப் பதினான்கு, முகப்புக்கு ஆறு என்று டோரிக் எனும் எளிய கிரேக்கப் பாணித் தூண்கள் சூழ்ந்த கோயில். ஏழாம் நூற்றாண்டில் அதைத் தேவாலயமாக்கினார்கள். இடித்துக் கட்டவில்லை. தூண்களுக்கு நடுவே இருந்த வெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளே கருவறையின் நீளச் சுவர்களில் பக்கத்துக்கு எட்டு வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். வெளிப்பிராகாரம் பக்க நடையானது, கருவறை நடுக்கூடமானது. கிரேக்க வாசல் கிழக்கே இருந்தது. தேவாலயத்துக்கு வாசலை மேற்கே வைத்துத் திசையையே திருப்பினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். முதலில் முகப்புக்கு இடப்பக்கம் ஓடும் மினெர்வா தெருவில் நின்று வெளிச்சுவரைப் பாருங்கள். சுவரிலிருந்து தூண்கள் பாதி உடம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேலே கிரேக்கக் கோயிலின் மூவரிப் பட்டைகள், அதற்கும் மேலே கோட்டை மதில் போன்ற பற்கள். நிலநடுக்கங்கள் உலுக்கியதில் சில தூண்கள் நேர்க்கோட்டை விட்டு விலகி நிற்பது வெறும் கண்ணுக்கே தெரியும். பிறகு உள்ளே போய் அதே தூண்களை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் முழுதாக அணைக்க முடியாத பருமன், எட்டு மீட்டரைத் தாண்டும் உயரம். மேலிருந்து கீழ் வரை ஓடும் பள்ளங்களில் விரலை வைத்தால் விளிம்பு மழுங்கியிருப்பது தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே கூரையடியில் வழிபாடு நடந்துவருகிற இடம் அது. வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது: கிரேக்கர் காலத்துப் பளிங்குக் கிண்ணம், அதைத் தாங்கும் ஏழு சிறு வெண்கலச் சிங்கங்கள் நார்மன் காலத்தவை. அடுத்தது சான்தா லுச்சியா, அதாவது புனித லூசியாளின் சிற்றாலயம்.

முகப்பு இதற்கெல்லாம் மிகப் பிந்தியது. 1693-இல் தென்கிழக்குச் சிசிலியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் பழைய முகப்பு விழுந்தது. பிறகு அந்திரேயா பால்மாவின் வரைவில் 1728-இல் தொடங்கி பல ஆண்டுகள் எடுத்துக் கட்டியது இப்போது நிற்பது. அது மேற்கு பார்த்திருப்பதால் மாலை வெயில் நேராக அதன் மேல் விழும். சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சதுக்கத்தில் இருங்கள். கவனம்: அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். மாதத் தொடக்கத்தில் ஆறரை தாண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு.

கதீட்ரலுக்குப் பக்கத்தில் நிற்கும் நகராட்சி மாளிகையை ஜொவான்னி வெர்மெக்ஸியோ 1630-களில் கட்டினார். அவருக்குப் "பல்லி" என்று பட்டப்பெயர். மாளிகையின் இடது மூலையில் மேல் விளிம்பில் ஒரு சின்னப் பல்லியைச் செதுக்கிக் கையெழுத்துப் போல விட்டிருக்கிறார். அம்மாவிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அங்கிருந்து கீழே இறங்கினால் அரெத்தூசா ஊற்று. கடலிலிருந்து சில அடி தூரத்தில் நன்னீர் சுரக்கும் குளம். நடுவே பப்பைரஸ் கோரை வளர்ந்திருக்கும், வாத்துகள் நீந்தும். ஆல்ஃபியஸ் ஆற்றுத் தேவனிடமிருந்து தப்ப, ஒரு நீர்த்தேவதை கிரேக்கத்திலிருந்து கடலுக்கடியிலேயே ஓடிவந்து இங்கே ஊற்றாக எழுந்தாள் என்பது கதை. 1798-இல் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பற்படை நைல் போருக்கு முன் சிரகூசாவில்தான் தண்ணீர் நிரப்பிக்கொண்டது. ஊற்றின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மேற்கே பாருங்கள். அந்த அகன்ற விரிகுடாதான் பெருந்துறைமுகம், கி.மு. 413-இல் ஏதென்ஸின் கடற்படை முழுவதும் அழிந்த இடம். சூரியன் மறைவதைப் பார்க்க ஒர்தீஜாவில் இதை விட நல்ல இடமில்லை. மாலையில் ஊரே இங்கே உலாவ வரும்.

இரண்டாம் நாள் காலை நெயாபொலிஸ். ஒர்தீஜாவிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸியில் போய் எட்டரைக்கு வாயிலில் நில்லுங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். அக்டோபரில் தப்பித்தீர்கள்; கோடையில் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எண் போதும்: 2021 ஆகஸ்ட் 11-இல் சிரகூசாவுக்கு அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது, ஐரோப்பாவின் உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்த அளவு அது.

நாடக அரங்கை மலைச்சரிவைக் குடைந்தே செதுக்கியிருக்கிறார்கள். விட்டம் 138 மீட்டர். கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் தன் "பாரசீகர்கள்" நாடகத்தைச் சிரகூசாவில் அரங்கேற்றினார். 1914 முதல் இங்கே பழைய கிரேக்க நாடகங்களை மீண்டும் நடத்துகிறார்கள், மே மாதம் தொடங்கி கோடை வரை. அந்தப் பருவத்தில் வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல் இருக்கைகளின் மேல் பலகை அடித்து மூடிவிடுவார்கள், வெட்டுக் கல்லைப் பார்க்கவே முடியாது. நாடகம் உள்ள நாட்களில் பூங்காவையும் சீக்கிரம் மூடுவார்கள். அப்போது வருகிறவர்கள் பகல் பார்வையை விட்டுவிட்டு மாலை நாடகத்துக்கே டிக்கெட் எடுப்பது உத்தமம். வசனம் இத்தாலிய மொழியில் இருக்கும், ஆனால் கதையை முன்பே படித்துவிட்டுப் போனால் மொழி தடையில்லை. உட்கார மெத்தை கொண்டுபோக வேண்டும். உங்கள் அக்டோபரில் பொதுவாகப் பலகைகளை எடுத்திருப்பார்கள்.

அரங்குக்குப் பக்கத்தில் இறங்கும் பாதை "சொர்க்கக் குவாரி"க்குப் போகிறது. பெயருக்கேற்ப எலுமிச்சையும் நிழலுமாக இருக்கும். ஊர் முழுக்கக் கட்டிய கல்லை வெட்டியெடுத்த பள்ளம் இது. இங்கேதான் தியோனீசியோவின் காது என்ற குகை: உயரம் 23 மீட்டர், உள்ளே 65 மீட்டர் வளைந்து போகும். மெதுவாகப் பேசினாலும் ஒலி பெருகிவரும். பழைய சிரகூசாவை ஆண்ட கொடுங்கோலன் தியோனீசியோ மேலேயிருந்து கைதிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டான் என்ற கதையும் பெயரும் பிற்காலத்தவை. 1608-இல் இங்கே வந்த ஓவியர் கரவாஜோ வைத்த பெயர் என்கிறார்கள். ஆனால் குவாரிகள் சிறையாக இருந்தது உண்மை. தோற்ற ஏதென்ஸ் படையில் ஏழாயிரம் பேரைக் குவாரிக்குள் தள்ளினார்கள். எட்டு மாதம், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் அளவு தானியம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் வரிகளை ஒப்பிக்கத் தெரிந்த சிலருக்கு விடுதலை கிடைத்தது என்பது பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது. சோபானம் போன்ற அந்தப் பாதையில் இறங்குவது சுலபம், ஏறி வருவது முழங்காலுக்கு வேலை. அப்பா அம்மாவுக்குக் கடினமாக இருந்தால் அரங்கின் மேல் விளிம்பிலிருந்தே பார்க்கலாம்.

சிரகூசா அரசன் இரண்டாம் ஹியரோனின் பலிபீடம் 198 மீட்டர் நீளம்; இப்போது அடிப்பீடம் மட்டும்தான் மிச்சம், வேலிக்கு அப்பாலிருந்து ஐந்து நிமிடம் போதும். அருகே கல்லறைத் தோட்டத்தில் "ஆர்க்கிமிடிஸ் கல்லறை" என்று காட்டுவார்கள். அது ரோமானியர் காலத்துக் கல்லறை, ஆர்க்கிமிடிஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கி.மு. 212-இல் ரோமானியப் படை ஊரைப் பிடித்தபோது அவரைக் கொன்றார்கள். பிறகு ரோமானியப் பேச்சாளர் சிசெரோ சிசிலியில் அதிகாரியாக இருந்தபோது, உருளையும் கோளமும் பொறித்த கல்லை முட்புதருக்குள் கண்டெடுத்ததாக எழுதினார். அந்த இடம் மறுபடியும் தொலைந்துபோனது.

பூங்காவிலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் பாவுலோ ஓர்சி தொல்லியல் அருங்காட்சியகம். குளிர்சாதனமும் உட்கார இடமும் இருப்பதால் பதினொரு மணிக்கு மேல் அங்கே போய்விடுவது பெரியவர்களுக்கு நல்லது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், பூங்கா வாயிலிலேயே கேளுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். உங்கள் இரண்டு நாளில் ஒன்று திங்களாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் அள்ளும். இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் தாயின் சுண்ணாம்புக் கற்சிலையை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். மெகாரா இப்லேயா என்ற பழைய கிரேக்கக் குடியேற்றத்தில் கிடைத்தது, கி.மு. ஆறாம் நூற்றாண்டு. தலை இல்லை, ஆனால் போர்வையை விரித்துப் பிள்ளைகளை அணைத்திருக்கும் கைகள் எல்லாம் சொல்லிவிடும்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். ஊரே அதைத்தான் செய்கிறது.

அம்மாவின் சாப்பாடு. சைவர் ஒருவர் சிசிலியில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் மறைந்திருக்கும் அசைவம் நிறைய. சொல்ல வேண்டிய வாக்கியம்: "நோன் மாஞ்ஜோ நே கார்னே நே பெஷ்ஷே", அதாவது இறைச்சியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன். வெறுமனே "சைவம்" என்றால் நெத்திலி போட்ட பாஸ்தாவைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பலருக்கு நெத்திலி ஒரு மசாலா மாதிரிதான். ஆகவே "சென்ட்சா அச்சூகே", நெத்திலி இல்லாமல், என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: கத்தரிக்காயும் தக்காளியும் ரிக்கொத்தா என்ற பாலாடைக்கட்டியும் சேர்ந்த நோர்மா பாஸ்தா, கத்தரிக்காய், செலரி, ஆலிவ், வினிகர், சர்க்கரை சேர்த்து ஆறவைத்துத் தரும் கப்போனாத்தா, உலர்ந்த மொச்சை வகையை மசிய வேகவைத்த மாக்கோ கஞ்சி. மாக்கோ நம் பருப்புக் கடைசலுக்கு மிக அருகில் வரும், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். அரன்சீனி என்ற பொரித்த சோற்று உருண்டையில் எச்சரிக்கை தேவை: கூம்பாக இருப்பதில் பொதுவாகக் கொத்துக்கறி, "வெண்ணெய்" என்று எழுதியிருப்பதிலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கன்னோலி ஓட்டிலும் சில பன்களிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. "ஸ்த்ரூத்தோ" இருக்கிறதா என்று கேட்டால் நேர்மையாகச் சொல்வார்கள். பழைய பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். அம்மா அதையும் தவிர்ப்பவரானால் பாஸ்தாவின் மேல் துருவிப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலைக்கு வாதுமைக் கிரனீத்தா: தண்ணீர், சர்க்கரை, ஆவோலா வாதுமை மட்டும் சேர்ந்த பனிக்கூழ். கூட வரும் ப்ரியோஷ் பன்னில் முட்டை உண்டு.

உணவகங்கள் இரவு ஏழரைக்கு முன் திறக்காது. பில்லில் "கோப்பெர்த்தோ" என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை இருக்கும், அது இருக்கைக் கட்டணம். காபியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

மூன்றாம் நாள் காலை சந்தைக்குப் போங்கள். ஞாயிறு கிடையாது, மற்ற நாட்களில் மதியத்துக்குள் முடிந்துவிடும். அது அப்போலோ கோயில் இடிபாட்டுக்கு ஒட்டினாற்போல் தொடங்குகிறது. அந்தக் கோயில் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. பைசாந்தியத் தேவாலயம், பள்ளிவாசல், நார்மன் தேவாலயம், ஸ்பானியப் படைவீடு என்று மாறி மாறி வந்தது. சந்தையில் வெயிலில் உலர்த்திய தக்காளி, உப்பிட்ட கேப்பர், கொத்தாகக் கட்டிய ஓரிகானோ வாங்கலாம். மூன்றும் பெட்டியில் கெடாமல் ஊர் வந்து சேரும்.

தீவின் தெற்கு முனையில் மனியாச்சே கோட்டை, பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் 1232 முதல் 1240 வரை கட்டியது. தூண் மண்டபமும் கடற்காற்றும் நன்றாக இருக்கும், அரை மணி நேரம் போதும். ஜூதேக்காவில் ஒரு விடுதிக்கு அடியில் யூதர்களின் சடங்குக் குளம் இருக்கிறது. 1492-இல் ஸ்பானிய அரசு யூதர்களை வெளியேற்றியபோது அவர்கள் மூடிவிட்டுப் போனது. வழிகாட்டியோடு மட்டுமே இறங்க முடியும். படிகள் செங்குத்து, ஈரம். பெரியவர்களை மேலே உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய்வாருங்கள். தீவைச் சுற்றிக் கடல்குகைகளுக்குப் போகும் படகு ஒரு மணி நேரம். சிரோக்கோ என்ற தெற்குக் காற்று அடித்தால் வெளியே கடல் கொந்தளிக்கும், அன்று விட்டுவிடுங்கள். குளிக்க நினைத்தால் அக்டோபரிலும் தண்ணீர் இதமாக இருக்கும். ஆனால் ஒர்தீஜாவில் இறங்குவது பாறையிலிருந்து, பாறையிடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும். ரப்பர் செருப்பு போடாமல் காலை வைக்காதீர்கள்.

கரவாஜோவின் "சான்தா லுச்சியாவின் அடக்கம்" ஓவியத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. மால்ட்டாவில் சிறையிலிருந்து தப்பி வந்த அவர் 1608-இல் இங்கே வரைந்தது. நான்கு மீட்டர் உயரம். மேல் பாதி முழுக்க வெறுமையான சுவர், முன்னால் குழி தோண்டும் இருவரின் பெரிய உடம்புகள், அவர்களுக்கு நடுவே தரையில் சிறியதாய் லுச்சியா. பல ஆண்டுகள் கதீட்ரல் சதுக்கத்தின் தென்முனைத் தேவாலயத்தில் தொங்கியதால் பழைய கையேடுகள் அங்கே அனுப்பும். அது வரையப்பட்டது பெருநிலப் பக்கம் பொர்காத்தா பகுதியில் உள்ள சான்தா லுச்சியா அல் செபோல்க்ரோ தேவாலயத்துக்காக. பிறகு அங்கேயே திரும்பிவிட்டது. போகும் முன் திறந்திருக்கும் நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள், மதியம் கதவு மூடியிருக்கும்.

லுச்சியா என்பவர் நம்மிடையே லூசியாள், கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலி. அவர் பிறந்த ஊர் சிரகூசாதான். டிசம்பர் 13 அன்று அவருடைய வெள்ளித் திருவுருவத்தைத் தோளில் சுமந்து கதீட்ரலிலிருந்து பொர்காத்தாவுக்குக் கொண்டுபோவார்கள், 20-ஆம் தேதி திரும்பும். 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து ஊரைக் காப்பாற்றியதன் நினைவாக 13-ஆம் தேதி ரொட்டியும் பாஸ்தாவும் தொடாமல், வேகவைத்த முழுக்கோதுமையில் ரிக்கொத்தா சேர்த்து "குச்சியா" சாப்பிடுவார்கள். விவிலியம் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று: பவுல் ரோமுக்குப் போகும் வழியில் மூன்று நாள் தங்கிய ஊர் இது, அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனத்தில் வரும். சான் ஜொவான்னி நிலவறைக் கல்லறை வளாகத்தில் அவர் போதித்ததாகச் சொல்லும் இடத்தைக் காட்டுவார்கள்.

நோத்தோவை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அழகான ஊர், அரை மணி நேர ரயில்தான். ஆனால் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறி நடக்க வேண்டும், திரும்பும் ரயில்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழும். அந்த அரைநாளை ஒர்தீஜாவின் கிழக்குக் கரையில் காலைச் சூரியனுக்குக் கொடுங்கள். கிளம்பும் அன்று விமானம் காலையில் என்றால் கடைசி இரவை மட்டும் கத்தானியாவில் வையுங்கள். முதல் பேருந்தை நம்பி விமானத்தைத் தவறவிடும் ஆபத்து வேண்டாம். மழை பெய்திருந்தால் கதீட்ரல் சதுக்கத்தின் வெள்ளைக் கல் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். அப்பா அம்மா இருவருக்கும் அடிப்பாகம் சொரசொரப்பான ஷூ எடுத்து வையுங்கள்.